நாட்பட்ட சைனஸ் அழற்சி: ஸ்ப்ரேயா, மாத்திரையா, அறுவையா, ஊசியா?

மாதக்கணக்கில் மூக்கடைப்பும் சளியும் விடாமல் தொடரும் ஒருவர் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மருந்திலேயே சரியாகிவிடுமா, அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருக்குமா? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இருப்பது உண்மையிலேயே சைனஸ் அழற்சிதானா? ஆம் எனில், அது எந்த வகை? இவ்விரண்டும் தெளிவாகிவிட்டால் எந்தச் சிகிச்சை என்ற முடிவில் பாதிக்கு மேல் தானாகவே அமைந்துவிடும். தெளிவாகாத நிலையில் ஸ்ப்ரேயையும் ஆன்டிபயாடிக்கையும் அறுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுவதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த ஒப்பீட்டை நோயறிதலிலிருந்தே தொடங்குகிறேன்.

சைனஸ்தானா என்று உறுதிசெய்வது

முகத்தின் எலும்புகளுக்குள் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு காற்றறைகள் இருக்கின்றன: கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் பல சிற்றறைகளாகப் பிரிந்த ஒன்று, மூக்கின் பின்கோடியில் மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒன்று. இவற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வில் உள்ள நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து, சளியை அந்தந்த அறையின் இயற்கைத் துளையை நோக்கித் தள்ளுகின்றன. கன்ன அறையின் துளை அதன் அடியில் இல்லாமல் உட்சுவரின் மேற்பகுதியில் இருப்பதால், நாம் நிமிர்ந்திருக்கும்போது அங்குள்ள சளி மேல்நோக்கி ஏறித்தான் வெளியேற வேண்டியிருக்கிறது. அந்தத் துளையும், நெற்றி அறையின் வடிகாலும், முன்பக்கச் சிற்றறைகளின் வாய்களும் மூக்கின் பக்கச்சுவரில், அதிலிருந்து நீளும் மடிப்புகளுள் நடுவிலுள்ள ‘நடு மடலுக்கு’க் கீழே, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் இடுக்கில் வந்து சேர்கின்றன. அங்கே சவ்வு சிறிதளவு வீங்கினாலும் போதும், மூன்று அறைகளின் வடிகாலும் ஒரே நேரத்தில் தடைபடும்.

அடைபட்ட அறைக்குள் கிருமி தங்கிச் சீழ் பிடிப்பதே இந்நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றைய புரிதலின்படி, பெரும்பாலானவர்களிடம் அடிப்படைக் கோளாறு சவ்விலேயே நிலைத்துவிட்ட அழற்சிதான். கிருமிகள் அதைத் தூண்டலாம், அவ்வப்போது கிளப்பியும் விடலாம், ஆனால் அவற்றைக் கொன்றுவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. பின்னால் ஆன்டிபயாடிக் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

மூக்கடைப்பு, முன்பக்கமாகவோ தொண்டைக்குள்ளோ இறங்கும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை குறைவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, 12 வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். இது ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரையறை. இதோடு முடிந்துவிடுவதில்லை. மூக்கினுள் குழாய் நோக்கியால் பார்க்கும் எண்டோஸ்கோப்பியிலோ சி.டி. ஸ்கேனிலோ அழற்சிக்கான கண்கூடான சான்றும் தேவை. அறிகுறிகளை மட்டும் கேட்டு நடத்தப்பட்ட பெரிய ஐரோப்பியக் கணக்கெடுப்பு ஒன்றில் 10.9 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது. சான்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளில் அந்த விகிதம் கணிசமாகக் குறைகிறது. தனக்கு சைனஸ் இருப்பதாக நம்பும் பலருக்கு அது இல்லை என்பதே இதன் பொருள்.

அவர்களுக்கு இருப்பது என்ன? முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒற்றைத் தலைவலி. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமே கருதியோ மருத்துவர் சொல்லக் கேட்டோ வந்த 2,991 பேரைப் பரிசோதித்தபோது, 88 சதவீதத்தினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கான வரையறைக்குள்தான் பொருந்தின. ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கில் நீர் வடியலாம், அடைப்பு தோன்றலாம், கன்னத்திலும் புருவத்தின் மேலும் அழுத்தம் இருக்கலாம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. வலி மணிக்கணக்கில் அடித்துவிட்டு முற்றிலும் நீங்கிப் போவது, வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமல் இருப்பது, குமட்டல் ஆகியவை ஒற்றைத் தலைவலியைச் சுட்டுகின்றன. அடைப்போ சளியோ வாசனைக் குறைவோ ஏதுமின்றி வலி மட்டுமே தலையாய தொல்லையாக இருப்பவர், சைனஸ் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நரம்பியல் மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்டுவிடுவது நல்லது. தவறான நோய்க்குச் சரியாகச் செய்யப்பட்ட அறுவையும் பலன் தராது.

அடுத்தடுத்த தும்மல், அரிப்பு, நீராக வடியும் மூக்கு ஆகியவை ஒவ்வாமை மூக்கழற்சியைக் காட்டுகின்றன. இது தனித்தும் வரலாம், சைனஸ் அழற்சியோடு சேர்ந்தும் வரலாம். மூக்குத்தண்டு வளைவு அடைப்பைத் தருமே தவிர, வாசனை இழப்புக்கும் நிறம் மாறிய சளிக்கும் அதை மட்டுமே காரணமாகக் காட்டிவிட முடியாது.

எந்தப் பரிசோதனை?

சாதாரண எக்ஸ்-ரேயை இந்த வரிசையிலிருந்து நீக்கிவிடலாம். சிற்றறைகளையும் மேலே சொன்ன இடுக்கையும் அது தெளிவாகக் காட்டுவதில்லை. மீதமிருக்கும் உண்மையான தேர்வு மூக்கு எண்டோஸ்கோப்பிக்கும் சி.டி.க்கும் இடையில்தான்.

எண்டோஸ்கோப்பியை இ.என்.டி. மருத்துவர் தம் அறையிலேயே சில நிமிடங்களில் செய்துவிடலாம். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் நோக்கியை உள்ளே செலுத்தி, நடு மடலுக்குக் கீழுள்ள இடுக்கைப் பார்ப்பார். ஆரோக்கியமான சவ்வு இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒட்டிப் படிந்திருக்கும். நோயுற்ற மூக்கில் அந்த இடுக்கிலிருந்து மஞ்சளும் பச்சையுமான சளி மெல்ல வழிந்து பின்தொண்டையை நோக்கி இறங்குவது தெரியும்; அல்லது சவ்வு நீர்கோத்து உப்பி இடுக்கை மூடியிருக்கும்; அல்லது தோலுரித்த திராட்சையைப் போல வெளிறி, பளபளப்பாக, சாம்பல் சாயலோடு பாலிப் தொங்கும். பேச்சுவழக்கில் சதை வளர்ச்சி என்று சொல்லப்படுவது இதுதான். கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, சிகிச்சைக்குப் பின் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். குறை ஒன்றுதான்: அறைகளின் உட்புறத்தை அது காட்டாது.

சி.டி. அதைக் காட்டும். ஆனால் அது காட்டுவதையெல்லாம் நோயென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1994-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், சாதாரண ஜலதோஷம் பிடித்த சில நாட்களுக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்ட 31 பேரில் 27 பேருக்குக் கன்ன அறைகளில் மாற்றங்கள் காணப்பட்டன. ஆன்டிபயாடிக் எதுவும் இன்றியே அவை பெரும்பாலும் மறைந்தன. எனவே சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுத்த ஸ்கேனைக் கொண்டு நாட்பட்ட நோய் என்று முடிவு கட்டுவது தவறு. ஸ்கேனில் தெரியும் அடைப்பை 0 முதல் 24 வரை மதிப்பிடும் லண்ட்–மெக்கே அளவுகோலில், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடம்கூட மூன்று நான்கு புள்ளிகள் காணப்படுவது வழக்கமே. ஸ்கேன் அறிக்கையில் ‘சவ்வு தடித்துள்ளது’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துக் கலங்கிப்போனவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை இது: முதலில் எண்டோஸ்கோப்பி, அதில் விடை கிடைத்தால் சிகிச்சையைத் தொடங்கலாம். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் அறிகுறிகள் மட்டும் தொடர்ந்தாலும், முறையான மருந்துச் சிகிச்சைக்குப் பின்னும் தொல்லை நீடித்தாலும், அறுவையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் சி.டி. எடுக்க வேண்டும். அறுவை மருத்துவருக்கு அந்த ஸ்கேன் வரைபடமாகவும் பயன்படுகிறது. கண்குழிக்கும் சிற்றறைகளுக்கும் இடையிலுள்ள எலும்பு ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது என்பதால், அது ஒவ்வொருவரிடமும் எங்கே எப்படி வளைந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவைப்படாது, கட்டி என்ற ஐயம் இருந்தாலோ, நோய் கண்ணையோ மூளையையோ நோக்கிப் பரவியதாகத் தோன்றினாலோ அது உதவும்.

இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: தொல்லை இரு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கத்தில் மட்டும் அடைப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றமுள்ள சளி, ஒரு பக்கத்தில் மட்டும் இரத்தம் கசிவது, ஸ்கேனில் ஒரு பக்கம் மட்டும் வெண்மையாக நிறைந்திருப்பது ஆகியவை எப்போதும் தனிக் கவனத்துக்கு உரியவை. மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் தொடங்கிய சீழ் கன்ன அறைக்குள் ஏறியிருக்கலாம். அப்போது பல்லைச் சரிசெய்யாமல் மூக்குக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும் குணமாகாது. பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருக்கலாம். அதற்கு அறுவையே தீர்வு, மருந்து தேவையில்லை. தலைகீழ் பாப்பிலோமா எனப்படும் கட்டியாகவோ, அரிதாகப் புற்றாகவோ இருக்கலாம். திசுவைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி செய்தால்தான் தெரியும். ஒருபக்க நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு காத்திருப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இருபக்க நோயில் அடுத்த பிரிவினை, பாலிப் இருக்கிறதா இல்லையா என்பது. அதற்கும் கீழே, அழற்சியின் தன்மையைப் பார்க்கிறார்கள். ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகுந்த ‘இரண்டாம் வகை’ அழற்சி, பாலிப், வாசனை இழப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு அடிக்கடி சேர்ந்து வரும். ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். அறுவைக்குப் பின் திரும்பி வருவதும் இதில்தான் அதிகம். 2020-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல், இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 250 ஈசினோபில்கள், ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஈ. மொத்தம் 100 அலகுகள் போன்ற எல்லைகளை இதற்கான குறிப்புகளாகத் தருகிறது. ஓர் எளிய இரத்தப் பரிசோதனை பின்னாளைய முடிவுகளுக்கு இவ்வளவு உதவும் என்பதால், அதைத் தவிர்க்கக் கூடாது. பாலிப்பும் ஆஸ்துமாவும் இருக்கும் ஒருவருக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ சாப்பிட்டதும் மூச்சிரைப்பு வந்திருக்கிறதா என்று கேட்பதும் அவ்வாறே. அந்த மூன்றும் சேர்ந்த நோய் கடுமையானது, பிடிவாதமானது.

மருந்துகளுக்குள் ஒப்பீடு

உப்பு நீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எல்லா வகைக்கும் அடித்தளம். இவை அற்பமானவை என்றும், ‘உண்மையான’ சிகிச்சை பின்னால்தான் வரும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே இவ்விரண்டையும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களில் கணிசமானோர் மருந்தைச் சரியான முறையிலோ போதிய காலமோ எடுத்திருக்க மாட்டார்கள்.

கழுவலுக்கு வேண்டியது சுமார் 240 மில்லி நீரும் அதில் கரைந்த 2 கிராம் அளவு உப்பும். சில துளிகளைத் தெளிப்பதைவிட, இவ்வளவு நீர் மெல்லிய அழுத்தத்தில் ஒரு நாசியில் ஏறி மறு நாசி வழியாக வெளிவருவதுதான் கெட்டிச் சளியையும் ஒவ்வாமைத் துகள்களையும் அகற்றுகிறது. குழாய் நீரை அப்படியே ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா மூக்கு வழியாக மூளையை அடைந்தால் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்துவிடும். இது மிக அரிது என்றாலும், முழுமையாகத் தவிர்க்கக் கூடியது. ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்த நீர், அல்லது வாலை வடித்த (டிஸ்டில்டு) நீர் மட்டுமே வேண்டும்; கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வாழ்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கழுவும் குப்பியையும் நன்கு கழுவிக் காயவைக்க வேண்டும்.

ஸ்ப்ரேயை கழுவலுக்குப் பிறகு அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் மருந்து நீரோடு போய்விடும். தலையைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் குப்பியைப் பிடித்தால், முனை தானாகவே வெளிப்புறமாக, அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவரை நோக்கி அடித்தால் நோயுள்ள இடத்துக்கு மருந்து போகாது, மூக்கில் இரத்தக் கசிவும் வரும். அடித்தபின் பலமாக உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும். பலன் ஓரிரு நாளில் தெரியாது. 8 முதல் 12 வாரங்கள் நாள் தவறாமல் அடித்த பிறகே பலித்ததா இல்லையா என்று தீர்மானிக்கலாம். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சம் இங்கே தேவையற்றது: மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்றவற்றில் மிகச் சிறிய பங்கே இரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை ஸ்டீராய்டோடு இவற்றை ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஸ்ப்ரே போதாதவர்களுக்கு, புடெசோனைடு என்னும் ஸ்டீராய்டைக் கழுவும் நீரிலேயே கலந்து பயன்படுத்துவது ஒரு நல்ல இடைநிலைத் தேர்வு. குறிப்பாக அறுவையில் அறைகளின் வாய் திறக்கப்பட்டவர்களிடம் அந்த நீர் ஆழம்வரை செல்கிறது. திறக்கப்படாத அறைக்குள் எந்தக் கழுவலும் பெரிதாக நுழைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை ஸ்டீராய்டு பாலிப்பை வியக்கத்தக்க வேகத்தில் சுருக்கும். சில நாட்களிலேயே மூக்கு திறந்து, வாசனையும் திரும்பும். அந்த வேகமே அதன் ஆபத்தும் ஆகும், ஏனெனில் பலன் சில மாதங்களில் மங்கிவிடுகிறது. நோயாளி மீண்டும் அதையே கேட்கிறார். சர்க்கரை ஏறுவது, இரத்த அழுத்தம், தூக்கமின்மை, மனநிலை மாற்றம், எலும்பு தேய்வு, கண்புரை ஆகியவை ஒவ்வொரு சுற்றோடும் கூடிக்கொண்டே போகும். பாலிப் உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு குறுகிய சுற்றுகளுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால், அந்தச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று ஏற்றுக்கொண்டு அறுவையையோ, ஊசியாகப் போடப்படும் உயிரியல் மருந்தையோ (பின்னால் விளக்குகிறேன்) பரிசீலிப்பதுதான் முறை. பாலிப் இல்லாத வகையில் மாத்திரை ஸ்டீராய்டுக்கான சான்று வலுவற்றது.

ஆன்டிபயாடிக் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம்: நாட்பட்ட சைனஸ் அழற்சியில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் மருந்து இதுதான். காய்ச்சலோடும் சீழோடும் நோய் திடீரெனக் கிளம்பும்போது அதற்கு இடமுண்டு. அப்போதும் எண்டோஸ்கோப்பி வழியாகச் சீழை எடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்து கொடுப்பது மேல். மற்றபடி, சளி மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக மாதம் ஒரு சுற்று விழுங்குவதால் அழற்சி குறைவதில்லை. குடல் கெடுவதும், கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதும்தான் மிச்சம். கிளாரித்ரோமைசின் போன்றவற்றைக் குறைந்த அளவில் மூன்று மாதம் கொடுத்தால் அழற்சியே தணியும் என்றொரு நம்பிக்கை நெடுநாள் நிலவியது. பிரிட்டனில் 20 மருத்துவமனைகளில் 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2025-இல் வெளியான மேக்ரோ ஆய்வு, அறுவை, மூன்று மாதக் கிளாரித்ரோமைசின், மருந்துப்போலி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. மூன்று பிரிவினரும் கழுவலையும் ஸ்ப்ரேயையும் தொடர்ந்தனர். ஆறு மாத முடிவில் கிளாரித்ரோமைசின் மருந்துப்போலியைவிடச் சிறப்பாக இல்லை. அறுவை இரண்டையும்விடத் தெளிவாகச் சிறப்பாக இருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக் கூடிய ஒரு மருந்தை மூன்று மாதம் எடுப்பதற்கு இனி வலுவான தனிக் காரணம் வேண்டும்.

கடைகளில் எளிதில் கிடைக்கும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால், மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். பலருடைய ‘தீராத சைனஸ்’ உண்மையில் இந்தச் சொட்டு மருந்தின் விளைவு. ஒவ்வாமை மாத்திரை, ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு மட்டுமே.

அறுவை: எதற்கு, எவருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கால்டுவெல்–லுக் அறுவை, மேலுதட்டுக்குக் கீழே வெட்டிக் கன்ன அறையைத் திறந்து, சவ்வையே உரித்தெடுத்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர், சளி எப்போதும் இயற்கைத் துளையை நோக்கியே பயணிக்கிறது என்பதை எண்டோஸ்கோப்பியால் கவனித்துக் காட்டியதும் சிந்தனை தலைகீழானது: சவ்வைக் காப்பாற்ற வேண்டும், இயற்கைத் துளையைத்தான் அகலப்படுத்த வேண்டும். ஹைன்ஸ் ஸ்டாம்பர்கரும், 1985-இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் பரப்பிய செயல்பாட்டு எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவை இந்த அடிப்படையில் எழுந்தது. வெளியே தழும்பு இல்லை. நாசி வழியாகவே எல்லாம் நடக்கிறது.

அறுவையை மருந்துக்கு மாற்றாகப் பார்ப்பதுதான் இந்த ஒப்பீட்டில் நேரும் பெரிய பிழை. அது வழியைத் திறக்கிறது, பாலிப்பை அகற்றுகிறது, மருந்து உள்ளே போக இடம் தருகிறது. சவ்வின் அழற்சிக் குணத்தை மாற்றுவதில்லை. அறுவைக்குப் பின் கழுவலையும் ஸ்ப்ரேயையும் கைவிடுபவர், பெற்ற பலனின் பெரும்பகுதியை இழக்கும் வாய்ப்பு அதிகம். பாலிப் நோயாளிகளைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சிறிய ஆய்வொன்றில், ஐந்தில் நால்வர் அளவுக்குப் பாலிப் மீண்டும் தென்பட்டது. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. எனவே ‘மறுபடி வந்துவிடும் என்கிறார்களே’ என்பது அறுவையை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. திரும்பி வந்தாலும், இடையில் கிடைக்கும் ஆண்டுகள் மூச்சும் உறக்கமும் வாசனையும் உள்ள ஆண்டுகள்.

ஆபத்துகளையும் நேராகவே பார்க்க வேண்டும். கண்குழிக்குள் இரத்தக் கசிவு, பார்வைச் சேதம், மூளைத் தண்டுவட நீர்க் கசிவு போன்ற பெரிய சிக்கல்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவை நேர்ந்தால் கடுமையானவை. சிறு இரத்தக் கசிவு, பொருக்குக் கட்டுதல், சில வார அடைப்பு ஆகியவை சாதாரணம். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் மருத்துவர் பொருக்குகளை அகற்றுவதற்குத் தவறாமல் போக வேண்டும்.

பலூன் முறை இதைவிட எளிதானது: துளைக்குள் சிறு பலூனை நுழைத்து ஊதி அகலப்படுத்துகிறார்கள், திசு எதுவும் அகற்றப்படுவதில்லை, மயக்க மருந்து இன்றியும் செய்யலாம். பாலிப் இல்லாத, ஓரிரு அறைகளோடு நின்றுவிட்ட நோய்க்கு அது ஏற்றது. பாலிப் நிறைந்த மூக்குக்கோ, சிற்றறைகள் முழுவதும் நோயுற்றிருப்பவருக்கோ பலூனைப் பரிந்துரைத்தால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம்.

உயிரியல் ஊசிகள்

அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட மூலக்கூறுகளைத் தடுக்கும் மருந்துகள் இவை; பாலிப் உள்ள கடுமையான நோய்க்குப் புதிய வழியைத் திறந்திருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டுபிலுமாபை 2019-இலும், ஓமலிசுமாபை 2020-இலும், மெபோலிசுமாபை 2021-இலும் பாலிப் நோய்க்கு ஒப்புக்கொண்டது. மூன்றும் இரண்டாம் வகை அழற்சியின் வெவ்வேறு கண்ணிகளைத் தடுக்கின்றன. டுபிலுமாபின் இரு பெரிய ஆய்வுகளில் பாலிப் சுருங்கியதோடு, பல ஆண்டுகளாக வாசனையே அறியாதிருந்தவர்களில் பலருக்கு அது மீண்டும் வந்தது. ஆஸ்துமாவும் இருந்தால் ஒரே ஊசி இரண்டுக்கும் பயன்படும்.

ஆனால் ஊசியை நிறுத்தினால் பலன் படிப்படியாக மறைகிறது. அறுவை ஒரு முறைச் செலவு என்றால் இது தொடர் செலவு, அதுவும் மிகப் பெரியது. ஆகவே ஐரோப்பிய வழிகாட்டுதல், இருபக்கப் பாலிப் உடையவராகவும் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவராகவும் இருப்பவரிடம், இரண்டாம் வகை அழற்சிக்கான சான்று, ஆண்டுக்கு இரு சுற்றேனும் மாத்திரை ஸ்டீராய்டு தேவைப்படுவது, வாழ்க்கைத் தரம் கணிசமாகக் கெட்டிருப்பது, வாசனை இழப்பு, ஆஸ்துமா ஆகிய ஐந்தில் மூன்று பொருந்தினால் இவற்றைத் தொடங்கலாம் என்கிறது. அறுவை செய்ய முடியாத உடல்நிலை உள்ளவருக்கு விலக்கு உண்டு. பாலிப் இல்லாதவருக்கு இவை தற்போதைக்குத் தேர்வே அல்ல.

நிலைமைக்கேற்ற முடிவு

பாலிப் இல்லை, அறிகுறிகள் மிதமானவை, முறையான சிகிச்சை இதுவரை இல்லை என்றால் மூன்று மாதக் கழுவலும் ஸ்ப்ரேயும்தான் முதல் தேர்வு; அதற்கு முன் அறுவைக்குத் தேதி குறிப்பதை ஏற்க வேண்டாம். அதைச் சரியாகச் செய்தும் தொல்லை குறையவில்லை, ஸ்கேனும் நோயை உறுதிசெய்கிறது என்றால், இன்னொரு ஆன்டிபயாடிக்கில் மேலும் மூன்று மாதத்தைக் கழிக்காமல் அறுவையைப் பேசுவதே சரி. பெரிய பாலிப்போடு வாசனையும் போய்விட்டவருக்கு ஒரு குறுகிய ஸ்டீராய்டுச் சுற்று நிவாரணம் தரலாம். ஆனால் அவருக்கு ஆஸ்துமாவும் உயர்ந்த ஈசினோபில்களும் இருந்தால், முழுமையான அறுவையும் அதன்பின் புடெசோனைடுக் கழுவலும் என்ற இணைப்பைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவது நல்லது. ஊசி அடுத்த படியாக இருக்கட்டும். அறுவை செய்த சில மாதங்களிலேயே பாலிப் நிறைந்துவிட்டால், இரண்டாம் மூன்றாம் அறுவையைவிட ஊசிக்கே முன்னுரிமை தருவேன். ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்திருப்பவருக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில் ஆஸ்பிரினைப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் ஒரு தேர்வு.

குழந்தைகளிடம் மூக்கின் பின்புறத்தில் இருக்கும் அடினாய்டு திசுவின் வீக்கம்தான் அடிக்கடி காரணம். மருந்து பலிக்காதபோது அடினாய்டை அகற்றுவது சைனஸ் அறுவைக்கு முன் வர வேண்டும். குழந்தைக்குப் பாலிப் இருந்தால் சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உண்டா என்று பார்த்தாக வேண்டும். புகைப்பவர் எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் புகையை நிறுத்தாமல் முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது, நுண்ணிழைகளையே புகை முடக்குகிறது.

எந்த வழியில் சென்றாலும் தொடங்கும் நாளன்றும் மூன்று மாதம் கழித்தும் தொல்லையின் அளவை மதிப்பிடும் ஸ்நாட்–22 வினாத்தாளை நிரப்பி வைத்துக்கொள்வது பயன்தரும். 22 கேள்விகள், 0 முதல் 110 வரை மதிப்பெண். ஏறத்தாழ 9 புள்ளிகள் குறைந்தால்தான் அதை உண்மையான முன்னேற்றமாகக் கொள்கிறார்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பதிலைவிட, அந்த இரு எண்களை முன்னால் வைத்து மருத்துவரோடு அடுத்த படியைப் பேசுவது எளிது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவப்பது, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலியும் கழுத்து விறைப்பும், மனக்குழப்பம், ஒரு நாசியிலிருந்து மட்டும் தெளிந்த நீராகச் சொட்டுவது ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கோ எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ முகம் மரத்து, மூக்கினுள்ளோ அண்ணத்திலோ கறுத்த திட்டு தெரிந்தால், அது கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். அங்கே ஒப்பீட்டுக்கு நேரமில்லை, சில மணி நேரத்துக்குள் அறுவையும் பூஞ்சைக்கொல்லி மருந்தும் தொடங்கியாக வேண்டும்.